சந்தியாகு பேரில் இருந்தது

சந்தியாகு செத்துப்போனபோது எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பதினோரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பதினொன்றிலும் 'கொடைவள்ளல்' என்றே போட்டிருந்தது. அவரைப் பற்றி இன்றைக்கும் ஆளுக்கு ஒன்று பேசுகிறார்கள். பேசட்டும். அவர் சொத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு இந்த ஊரில் வேறு யாருக்கும் தெரியாது. அவர் வாங்கியது, விற்றது, கொடுத்தது எல்லாவற்றுக்கும் பத்திரம் எழுதியவள் நான்.

என் பெயர் பிலோமினா. சப்-ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடையை ஒட்டி, இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று சொல்வார்கள், உண்மைதான். பத்திரத்தில் வளவளவென்று எழுத முடியாது, அதனால் மிச்சத்தைப் பேசித் தீர்த்துக்கொள்கிறேன். சந்தியாகுவும் நானும் ஒரே பங்குக் கோயிலை, அதாவது ஒரே சர்ச்சைச் சேர்ந்தவர்கள். என்னைவிடப் பதிமூன்று வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன்.

அவருடைய அப்பா விட்டுப்போனது ஆறு மா. மூன்று மா ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக மொத்தம் இரண்டு ஏக்கர், ஆனால் வாய்க்கால் தலைப்பில் இருக்கிற நிலம், மேட்டூரில் தண்ணீர் திறந்தால் முதலில் நனைவது அதுதான். சந்தியாகு எட்டு வருஷம் குவைத்தில் வண்டி ஓட்டிவிட்டு வந்து ஒரு அறுவடை மெஷின் வாங்கினார். அப்புறம் இரண்டு பெல்ட் மெஷின். மழையில் சம்பா சாய்ந்து கிடக்கும் சேற்று வயலில் டயர் வண்டி இறங்காது, பெல்ட் வண்டிதான் இறங்கும். தை மாதத்தில் நாலு நாள் மழை பிடித்துக்கொண்டால் மணி வாடகை அவர் வைத்ததுதான். கதிர் முளைத்துவிடுமே என்று பதறுகிறவன் பேரம் பேசுவானா? அப்படி வந்த காசில் இரண்டு வேலி, அதாவது பதின்மூன்று ஏக்கர் நிலம் சேர்ந்தது, மெயின் ரோட்டில் கல்யாண மண்டபம் வந்தது.

கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது. கேட்டு வந்த பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு முதல் ஆள். பங்குப் பேரவையில் துணைத்தலைவர். இவ்வளவும் இருந்தும், ஒரே ஒரு காரியம் செய்தார். அந்த ஒன்றில் எனக்கும் பங்கு உண்டு.

அவருக்கு ஒரு தங்கை, அமலோற்பவம். அப்பாவின் ஆறு மாவில் பாதி அவளுக்குச் சேர வேண்டியது. அவளைப் பக்கத்து ஊரில் ஒரு மினி பஸ் டிரைவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். 2009-இல் சந்தியாகு அவளை ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். "அப்பா பேர்ல இருக்கற பட்டாவ நம்ம ரெண்டு பேர் பேருக்கும் மாத்தணும், ஒரு கையெழுத்துப் போடு" என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார். ஆனால் முந்தின நாளே என்னிடம் எழுதச் சொன்னது விடுதலைப் பத்திரம். அதாவது, என் பங்கு எனக்கு வேண்டாம், முழுவதையும் அண்ணனே வைத்துக்கொள்ளட்டும் என்று அவள் எழுதிக் கொடுப்பதுபோல. பத்திரத்தை வாசித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டியது என் வேலை. அன்றைக்கு முகூர்த்த நாள், வாசலில் இருபது பேர் நின்றார்கள். அண்ணன் தங்கைக்குள் பேசாமலா இருப்பார்கள் என்று நினைத்து நான் வாசிக்கவில்லை. உள்ளே அதிகாரி "படிச்சுப் பாத்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அவள் அண்ணனைப் பார்த்தாள், அவர் தலையாட்டினார், இவளும் தலையாட்டினாள். போட்டோ எடுத்தார்கள், ரேகை வைத்தார்கள், கால் மணி நேரத்தில் மூன்று மா போய்விட்டது.

அதற்கப்புறம் பத்து வருஷம் அவளுக்கு எதுவும் தெரியாது. ஒவ்வொரு அறுப்புக்கும் சந்தியாகு இரண்டு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றி அனுப்புவார். தன் நிலத்தை அண்ணன் பார்த்துக்கொள்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். 2013-இல் அவள் புருஷன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார். ஒரு பெண்ணோடு எங்கள் ஊருக்கே திரும்பி வந்து, பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் உதவியாளராகச் சேர்ந்தாள்.

2019-இல் நிலம் வைத்திருக்கிற விவசாயிகளுக்கு வருஷம் ஆறாயிரம் ரூபாய் என்று அறிவித்தார்கள் அல்லவா, அதற்கு எழுதிக்கொடுக்கப் போனவளிடம், உங்கள் பேரில் ஒரு சென்ட் கூட இல்லையே அம்மா என்று சொல்லிவிட்டார்கள். நேரே என் ஆபீசுக்கு வந்தாள். நகலைப் போட்டு நானே முழுவதும் வாசித்துக் காட்டினேன். பத்து வருஷம் முன்பு வாசித்திருக்க வேண்டியது.

"அவன் ஏமாத்துனான், சரி. ஒனக்கு என்னடி வந்துச்சு?" என்று கேட்டாள். மன்னிச்சுடுங்கக்கா என்று அழுதேன். இரண்டு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தாள், பிறகு அவளாகவே பேசினாள். என் கதை அத்தோடு முடிந்தது.

அண்ணனிடம் போய்க் கேட்டதற்கு அவர், "நீதான கையெழுத்துப் போட்ட?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து அந்த இரண்டு மூட்டையும் நின்றது. கோர்ட்டுக்குப் போங்க, நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்று அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். கோயில் வாசலில் பத்துப் பெண்கள் நடுவில் அவள் ஒரு பதில் சொன்னாள்.

"கூடப்பொறந்தவனக் கோர்ட்டுல நிறுத்த மாட்டேன். அவன நிறுத்தறதுக்கு வேற எடம் இருக்கு."

ஊர் முழுக்க இது பரவி, சாயங்காலத்துக்குள் சந்தியாகு காதுக்கும் போயிற்று. எங்களுக்குச் சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்ய வைப்பார்கள்: செத்த உடனே ஒவ்வொரு ஆத்துமமும் தனியாகக் கடவுள் முன்னால் நிற்கும், அதற்குத் தனித்தீர்வை என்று பெயர். அங்கே கூட யாரும் வர முடியாது, வக்கீல் கிடையாது, முத்திரைத்தாள் செல்லாது. அவள் சொன்ன வேறு இடம் அதுதான். சந்தியாகு அப்போது சிரித்தாராம்.

2021-இல் கொரோனா வந்து தஞ்சாவூரில் பதினெட்டு நாள் ஆக்சிஜனில் கிடந்தார். இடது பக்கக் கட்டிலில் இரண்டு பேர், வலது பக்கத்தில் ஒருவர், கண் எதிரே போனார்கள். திரும்பி வந்த மனுஷன் பாதி ஆளாக இருந்தார். அடுத்த வருஷம் ஒரு நாள் என் முன்னால் வந்து உட்கார்ந்து, இரண்டு வேலை சொன்னார். ஒன்று, வாய்க்கால் தலைப்பில் அந்த மூன்று மாவையும் கோயிலுக்குத் தானமாக எழுத வேண்டும். இரண்டு, மிச்சம் அவ்வளவையும் இரண்டு மகன்கள் குடும்பத்துக்கும் செட்டில்மென்ட் எழுத வேண்டும், இருக்கும்போதே எழுதிவிட்டால் பின்னால் அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

"அண்ணே, அது அமலாக்கா பங்குண்ணே" என்றேன்.

"தெரியும். அதான் சாமிக்கே எழுதறேன். மண்டபத்த எழுதுனா ஊரு மெச்சும், இது எம் மனசுக்காக எழுதறது. சாமிகிட்டயே போயிட்ட நெலத்துல பாவம் எப்புடி ஒட்டும்?"

இப்படி ஒரு கணக்கை எங்கள் ஆட்களைத் தவிர யாரும் போட மாட்டார்கள். உறுத்துகிற சொத்தா, கோயிலுக்குக் கொடு, கல்லில் பேர் வெட்டு, தீர்ந்தது. யாருடையதைப் பிடுங்கினோமோ அவளுக்குக் கொடுக்கலாமே என்று தோன்றவே தோன்றாது. அவளுக்குக் கொடுத்தால் பிடுங்கியது வெளியே தெரிந்துவிடும், சாமிக்குக் கொடுத்தால் மாலை போடுவார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் எழுதினேன். நான் மாட்டேன் என்றால் அடுத்த மேஜையில் எழுதுவார்கள்.

திருவிழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். அமலோற்பவம் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய பங்குச் சாமியாருக்கு எதுவும் தெரியாது, நல்ல எண்ணத்தில்தான் வாங்கிக்கொண்டார். வயலைச் சுற்றிக் கம்பிவேலி போட்டு நடுவில் ஒரு சிலுவை நட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்துச் சந்தியாகுவுக்குக் கிட்னி இரண்டும் போயிற்று. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பெரிய மகன் பிரிட்டோ காரில் கூட்டிப்போய்க் கூட்டி வருவான். அப்படி இருக்கும்போதுதான் போன வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத் தியானத்துக்கு வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்தார். மூன்று நாள் பிரசங்கம். இரண்டாம் நாள் அவர் சொன்னது இவ்வளவுதான்: அடுத்தவன் பொருளை எடுத்தவன் பாவசங்கீர்த்தனத்தில், சாமியார் காதில் பாவத்தைச் சொல்லி அழுதால் மட்டும் போதாது, எடுத்ததை உரியவன் கையில் சேர்க்க வேண்டும், சேர்க்க முடிந்தும் சேர்க்காதவன் மனஸ்தாபப்படவே இல்லை, செய்ததற்கு வருந்தவே இல்லை என்று அர்த்தம். நான் சந்தியாகுவுக்கு நாலு பெஞ்ச் பின்னால் இருந்தேன். அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பாவசங்கீர்த்தனத்தில் பேசியதைச் சாமியார்கள் உயிர் போனாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். சந்தியாகுவே மறுநாள் என்னிடம் வந்து சொன்னார். "எல்லாத்தயும் சொல்லிட்டேன் பிலோமினா. கோயிலுக்குக் குடுத்துட்டேன் சாமின்னும் சொன்னேன். 'கோயில்கிட்டருந்தா எடுத்தீங்க?'ன்னு கேட்டுட்டாரு." நாற்காலியை என் மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நான் செத்தா நேரா அங்கதான் நிக்கணும். அதுக்குள்ள மூணு மாவ அமலிக்குத் திருப்பிடணும். எழுது" என்றார்.

எதை எழுதுவது? நிலம் இப்போது ஆயர், அதாவது பிஷப் நடத்துகிற மறைமாவட்டத்தின் பேரில் இருக்கிறது. இரண்டு பேரும் இப்போதைய பங்குச் சாமியாரிடம் போனோம். இளவயசுக்காரர், ஆற அமரக் கேட்டார்.

"எனக்கு அந்த அதிகாரம் இல்லைங்கய்யா. ஆயர் இல்லத்துக்கு இன்னிக்கே எழுதறேன். கமிட்டி பாக்கணும், ஆறு மாசமும் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம். அதுவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? உங்க மத்த நெலத்துல மூணு மா எழுதிக் குடுத்துடுங்க. கடவுளுக்கு சர்வே நம்பர் முக்கியமில்ல."

சந்தியாகு முகம் தெளிந்துவிட்டது. ஆனால் இரண்டு வேலியையும் மகன்களுக்கு எழுதி முடித்தவள் நான். வெளியே வந்து காரில் ஏறியதும் சொன்னேன். "அண்ணே, உங்க பேர்ல நெலமே இல்லண்ணே."

அவர் நம்பவில்லை, எங்காவது ஒரு துண்டு விட்டுப்போயிருக்கும் என்றார். ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். நிலம் பிரிட்டோவுக்கும் சின்னவனுக்கும். மண்டபம் பெரிய மருமகள் பேரில். குடியிருக்கிற வீடு சின்னவன் பேரில். மெஷின்கள் பிரிட்டோ பேரில். பாங்கில் இருந்தது வைத்தியத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, அதற்கும் பிரிட்டோ கையெழுத்து வேண்டும். இந்தச் சுற்றுவட்டாரத்தில் சந்தியாகு நிலத்தை மிதிக்காமல் நீங்கள் மெயின் ரோட்டுக்கு வர முடியாது. அந்தச் சந்தியாகு பேரில் ஒரு குழி இடம் இல்லை.

பிரிட்டோவிடம் கேட்டார். அவன் கத்தவில்லை, நிதானமாகச் சொன்னான். "அப்பா, அது பசங்க படிப்புக்குன்னு வச்சிருக்கறது. ஒடம்பு முடியாத நேரத்துல இதெல்லாம் யோசிக்காதீங்க. அத்தைக்கு வேணும்னா தீபாவளி, கிறிஸ்மஸுக்கு ஏதாவது பண்றேன்." செட்டில்மென்டை ரத்து செய்ய வழி இருக்கிறதா என்று சந்தியாகு என்னிடம் கேட்டார். பெற்றவர்களைக் கவனிக்காமல் விட்ட பிள்ளைகள் என்றால் ரத்து செய்யச் சட்டம் இருக்கிறது. இந்தப் பிள்ளைகள் ஏசி ரூம் போட்டு, பத்தியச் சாப்பாடு போட்டு, வாரம் மூன்று தடவை தஞ்சாவூருக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என்னவென்று மனுப் போடுவது?

அடுத்த வாரம் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். மூச்சு வாங்கியது, கால் இரண்டும் வீங்கியிருந்தது. "கெடச்சிடுச்சு பிலோமினா, எம் பேர்ல ஒண்ணு இருக்கு" என்று ஒரு ரசீதை எடுத்து நீட்டினார். அவர் மனைவி இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில், பெரிய சிலுவைக்குப் பக்கத்தில், தனக்கும் சேர்த்து இடம் வாங்கிக் கிரானைட் கட்டி வைத்திருந்தார். ஒரு பாதியில் அந்த அம்மா, மறு பாதி காலி. ரசீது சந்தியாகு பேரில்.

"இத அமலிக்கு எழுதிடு."

"என்னண்ணே பேசறீங்க? இதயெல்லாம் பத்திரம் போட முடியாது. போட முடிஞ்சாலும், உயிரோட இருக்கற தங்கச்சிக்குக் கொண்டுபோயி சவக்குழியக் குடுப்பீங்களா? நல்லாருக்கா இது?"

"எனக்குன்னு இருக்கறத குடுத்தாத்தானே குடுத்தது? வெறுங்கையோட எப்புடிப் போயி நிக்கிறது?" என்று சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. வாங்க, போகலாம் என்று அவரோடு காரில் ஏறினேன். டிரைவர் மட்டும்தான் கூட.

சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. அமலோற்பவம் வாசலில் தார்ப்பாயில் உளுந்தைக் கொட்டி முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள். சம்பா அறுப்புக்கு முன்னால் வயலில் தெளிக்கிற உளுந்து, கூலிக்குப் பறிக்கப்போய் வாங்கி வந்த பங்கு. அண்ணன் காரை விட்டு இறங்குவதைப் பார்த்தாள், எழுந்திருக்கவில்லை. ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவர் தார்ப்பாய் ஓரம் நின்று ரசீதை நீட்டினார். வாங்கி நிதானமாகப் படித்தாள்.

"நெலத்தக் கேட்டா குழியக் கொண்டாந்து குடுக்கறியே, இது அடுக்குமா?"

"வேற ஒண்ணும் எம் பேர்ல இல்ல அமலி. சத்தியமா இல்ல."

"அது ஊருக்கே தெரியும்." ரசீதை உளுந்தின் மேல் வைத்துவிட்டுத் திரும்பவும் முறத்தை எடுத்தாள். "இப்ப எதுக்கு வந்த?"

"நடந்தது நடந்துபோச்சு. நான் போறதுக்குள்ள..."

"தானா ஒண்ணும் நடக்கல. நீ செஞ்ச."

அவர் வெயிலில் நின்றார். நான் கையைப் பிடித்துக்கொள்ளப் போனேன், அவள் வேண்டாம் என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். எத்தனையோ பத்திரத்தில் 'என் முழு சம்மதத்துடன்' என்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்ட மனுஷனுக்கு 'நான் செஞ்சேன்' என்ற அந்த ஒரு வரி வரவில்லை. கடைசியில், அண்ணன் தங்கச்சியிடம் பேசுகிற மாதிரி இல்லாமல், கோயிலில் முழங்காலில் இருந்து சொல்கிற மாதிரி சொன்னார்.

"ஒன்னைய ஏமாத்துனேன் அமலி. பட்டான்னு பொய் சொன்னேன். தெரிஞ்சேதான் செஞ்சேன். அப்புறம் அதயே கோயிலுக்குக் குடுத்துப் பேரும் வாங்கிக்கிட்டேன்."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். பிறகு அவள் எழுந்து வந்து ரசீதை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள்.

"இத நீயே வச்சுக்க. அண்ணி பக்கத்துல படு. நான் மன்னிச்சுட்டேன். அங்க கேட்டாங்கன்னா எம் பேரச் சொல்லு, தங்கச்சி மன்னிச்சுட்டான்னு சொல்லு." அந்தப் பையை நீவிவிட்டுக்கொண்டே, "அன்னிக்கு அவரு இருந்தாரு. மினி பஸ் ஓடிக்கிட்டிருந்துச்சு. எங்களுக்கு ஒண்ணும் கொற இல்ல. அமலி, எனக்கு மெஷின் வாங்கணும், ஒம் பங்க எனக்கு விட்டுக்குடுன்னு நீ வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டிருந்தியன்னா, அன்னிக்கே சும்மா குடுத்திருப்பேனே அண்ணே" என்றாள்.

சந்தியாகுவும் நானும் காரில் திரும்பினோம். வாய்க்கால் தலைப்பைத் தாண்டும்போது, கம்பிவேலிக்குள் கோயில் ஆட்கள் உளுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். "கேட்டிருக்கலாமே, பிலோமினா" என்றார். அதற்கப்புறம் ஒன்பது நாள்தான் இருந்தார். அந்த ஒன்பது நாளும், யார் போய்ப் பார்த்தாலும், அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.